பந்தயப் படகு வைத்திருக்கும் அறங்காவலர்களுக்கு: கொட்டகைச் சாவி ஒன்று தன்னார்வலரிடமும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும்,

வணக்கம். பழைய பந்தய விசைப்படகுகளைச் செப்பனிட்டுப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. இந்தப் படகுகளில் பல இன்று மிஞ்சியிருப்பதற்கே ஆர்வலர்கள்தான் காரணம் என்பது உங்களுக்குத் தெரியும். வாஷிங்டன் மாநிலத்துக் கென்ட் நகரின் ஹைட்ரோபிளேன் (நீர்மட்டத்தை உரசியபடி பறக்கும் பந்தயப் படகு) அருங்காட்சியகத்தில் பழைய பெரும் பந்தயப் படகுகள் ஓடும் நிலைக்குத் திரும்புவது தன்னார்வலர் உழைப்பால். 1967இல் இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் மூழ்கி 2001இல் மேலே வந்த, டொனால்டு காம்பெல்லின் வேகச் சாதனைப் படகான புளூபேர்டு கே7 மறுபடி மிதந்ததும் அப்படித்தான். இருந்தும் பல நிறுவனங்களில் ஆர்வலர் என்றால் உண்டியலில் காசு போடுகிறவர், திறப்புவிழாவில் கைதட்டுகிறவர், அவ்வளவே. பட்டறைக் கதவு அவருக்குத் திறப்பதில்லை.

உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆர்வக்கோளாறு பிடித்தவர் கையில் சாண்டர் (பெயிண்ட் தேய்க்கும் எந்திரம்) கிடைத்தால், எழுபது வருடப் பெயிண்ட் ஒரு மதிய வேளையில் தூசியாகிவிடும். ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: ஆர்வலர்களின் காசோடு கைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதல் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்.

கே7 இதற்குப் பெரிய பாடம். 34 ஆண்டுகள் நீரடியில் கிடந்த அந்தச் சிதைவு 2006இல் கானிஸ்டன் ரஸ்கின் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வந்தது. தன்னார்வலர்கள் பல ஆண்டு உழைத்து மீட்டார்கள். 2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் லாக் ஃபாட் ஏரியில் படகு மறுபடி ஓடியது. பிறகு, புதிதாகச் செய்து பொருத்திய பாகங்கள் யாருக்குச் சொந்தம் என்பதில் இழுபறி. படகு கானிஸ்டனுக்குத் திரும்பியபோது 2024 மார்ச். யார் பக்கம் நியாயம் என்று பேச இந்த மடல் எழுதவில்லை. பாதி உலோகம் பழையது, பாதி புதியது என்று ஒரு படகு உருவாகும்போது, அந்தப் புதிய பாதி யாருடையது என்ற கேள்வி எந்தப் பட்டறையிலும் எழத்தான் செய்யும்.

எனவே ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும். தன்னார்வலர் செய்து பொருத்தும் ஒவ்வொரு பாகமும் பொருத்திய நொடியே படகின் உடைமையாளருக்குச் சொந்தமா, இல்லையா. யாரோ தரும் எஞ்சின் நன்கொடையா, கடனா. கடன் என்றால் எத்தனை ஆண்டுக்கு, அவர் காலமானால் வாரிசுக்குத் திரும்புமா. பட்டறைக் கருவிகள் யாருடையவை. வரைபடங்களும் புகைப்படங்களும் யாரிடம் இருக்கும். படகு ஓடலாமா என்பதை முடிவு செய்பவர் யார், ஆண்டுக்கு எத்தனை நாள், காப்பீட்டுக் கட்டணம் யார் பொறுப்பு. குழு கலைந்தால் பாதி கழற்றிய படகு எங்கே போகும். கடைசிக் கேள்வியை யாரும் எழுதுவதில்லை. கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும், ஆனாலும் எழுதுங்கள்.

அடுத்தது பணம். ஆர்வலர் பணம் வந்ததும் அதைப் பெயிண்ட்டிலும் குரோமிலும் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. முதல் பணம் கொட்டகைக் காற்றின் ஈரத்தைச் சீராக வைக்கப் போக வேண்டும். பந்தயப் படகு நெடுநாள் இருக்கச் செய்த பொருள் கிடையாது. ஓரிரு பருவம் தாங்கினால் போதும் என்று எடையைக் குறைத்து, மெல்லிய பிளைவுட், சன்னமான சட்டம், நெருக்கமான சின்ன ஸ்க்ரூக்கள் என்று கட்டியது. சாதாரண மரப்படகு பொறுத்துக்கொள்ளும் அலட்சியத்தை இது பொறுக்காது.

சுமார் 20 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி காற்று 30 சதவீதத்துக்கு வறண்டால் மரம் 6 சதவீதத்துக்கு இறங்கும். 150 மி.மீ. அகல மஹோகனிப் பலகை அந்த இறக்கத்தில் குறுக்குவாட்டில் 2 மி.மீ. வரை சுருங்கலாம். பலகைக்குப் பலகை 2 மி.மீ. என்றால் படகு முழுக்க எத்தனை இடைவெளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகை வைத்துக் கட்டிய படகு திரும்ப நீரில் ஊறினால் ஓரளவு மூடிக்கொள்ளும். பிளைவுட் படகில் அந்தக் கருணையும் இல்லை. பசை விட்ட இடம் விட்டதுதான். காற்றின் ஈரப்பதத்துக்கு 50 முதல் 55 சதவீதத்தை இலக்காக வையுங்கள். அதைவிட முக்கியம், திடீர் ஏற்ற இறக்கம் கூடாது. ஈரம் மாற்றவேண்டியிருந்தால் வாரத்துக்கு ஓரிரு சதவீதம் என்று மெல்ல மாற்றுங்கள்.

இனி படகைத் தாங்கும் விதம். ஹைட்ரோபிளேனின் உயிர் அதன் அடிப்பரப்பில் இருக்கிறது. வேகத்தில் அது இருபுறமும் துருத்தி நிற்கும் இரண்டு ஸ்பான்சன்களிலும் பாதி மூழ்கிய ப்ரொப்பெல்லரிலும்தான் நிற்கும். ஸ்பான்சன் அடியும் பின்பக்க அடியும் மில்லிமீட்டர் கணக்கில் நேராக இருக்க வேண்டும். 2 மீட்டர் நேர்கோலை அடியில் நீளவாட்டில் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பலகை அருகே மட்டும் கோல் தொட்டு, சற்று முன்னே வெளிச்சம் தெரிந்தால் அடி உள்வாங்கியிருக்கிறது; இதைக் கொக்கி என்பார்கள். கொக்கி விழுந்த படகு வேகத்தில் பின்புறத்தைத் தூக்கி மூக்கை நீருக்குள் அழுத்தும். மாறாக, நடுவே புடைத்திருந்தால் படகு தவளை மாதிரி எம்பி எம்பிக் குதிக்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் பழைய பந்தயம் காரணமாக இருக்காது. டிரெய்லரின் தாங்குகட்டைகள் பின்பலகை வரை நீளாமல் அரையடி முன்னாலேயே முடிந்திருக்கும். தாங்கலில்லாத அந்த அரையடி பின்பலகையின் எடையில் பல ஆண்டு மெல்லத் தொங்கிக் கொக்கியாகியிருக்கும். புதுத் தாங்கி செய்வது மலிவான வேலை. பிளைவுட்டும் ஃபெல்ட்டும் கொண்டு, ஒவ்வொரு உட்சட்டத்துக்கும் நேர் கீழே ஒன்று என்ற கணக்கில், அடிப்பரப்பின் வளைவுக்கு வெட்டிப் பொருத்தினால் போதும். இதற்கு ஆர்வலர் குழுவில் நிச்சயம் ஒரு தச்சர் இருப்பார். கேளுங்கள்.

கூரையில் தொங்கவிட ஆசைப்படுகிறீர்கள் என்றால், பட்டைகள் போகும் இடத்தை உட்சட்டங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பார்வையாளர் எங்கிருந்து பார்ப்பார் என்பது அதற்குப் பிறகு. எஞ்சினோடு தொங்கவிடுவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். எஞ்சினைத் தாங்கும் நீளச்சட்டங்கள் கீழிருந்து நீர் தரும் தாங்குதலை நம்பி அமைத்தவை.

ஸ்க்ரூக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும் சேதம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பித்தளை ஸ்க்ரூவின் தலையைக் கத்திமுனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் உயிர் இருக்கிறது. இளஞ்சிவப்பாக, செம்பு நிறத்தில் தெரிந்தால் உள்ளிருந்த துத்தநாகம் வெளியேறிவிட்டது. மிஞ்சியிருப்பது கடற்பஞ்சு மாதிரியான செம்பு. திருப்புளி வைத்து அழுத்தினால் தலை மாவாகும், தண்டு மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அந்தத் தண்டை எடுக்க, அதைவிடச் சற்றுப் பெரிய உள்விட்டமுள்ள மெல்லிய எஃகுக் குழாயின் நுனியில் பல் வெட்டி, ட்ரில்லில் மாட்டி, தண்டைச் சுற்றி மரத்தை வட்டமாகக் குடையுங்கள். தண்டோடு மர உருளை வெளியே வரும். அந்த ஓட்டைக்குள் அதே மரத்தில் கடைந்த கட்டையை ஒட்டி, புதிய ஸ்க்ரூவைப் போடுங்கள். புதியது சிலிக்கன் வெண்கலமாக இருக்கட்டும். மரத்துக்குள் காற்றில்லாமல் ஈரம் மட்டும் தேங்கும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கழுத்து மெலிந்திருக்கும். இப்படி ஒரு படகில் ஆயிரக்கணக்கான ஸ்க்ரூக்கள். சம்பள ஆள் வைத்து இதைச் செய்ய உங்கள் நிதிநிலை இடம் தராது. வாரம் ஒரு மாலை வரும் பத்துப் பேர் செய்துவிடுவார்கள்.

அவர்களுக்குப் பதிவு ஒழுக்கம் பழக்குவது உங்கள் பங்கு. கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் எழுதிய சீட்டு. எந்த இடம், எந்தத் தேதி, யார் கழற்றியது, எந்த நிலையில் இருந்தது, இரண்டு படம். குப்பைக்குப் போகும் எதற்கும் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று காப்பாட்சியருடையது. நினைவுப்பொருள் ஆசையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வளைந்துபோன அலுமினியத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போக நினைக்கும் நல்ல மனிதர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அந்தத் துண்டின் ரிவெட் ஓட்டைகளின் இடைவெளிதான் நாளைக்குப் புதிய தகடு வெட்டுவதற்கு ஒரே அளவுகோலாக இருக்கலாம்.

பெயிண்ட்டைத் தொடுமுன், மறைவான ஓரிடத்தில் ரூபாய் நாணய அளவுக்கு மெல்லத் தேய்த்துச் சரிவாக இறக்குங்கள். மரத்தின் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். எந்தப் பருவத்துக்கு மீட்கப் போகிறோம் என்பதை அதைப் பார்த்த பிறகு தீர்மானியுங்கள். 1955இல் அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல் வேகம் தொட்ட கே7இல் இருந்தது மெட்ரோவிக் பெரில் ஜெட் எஞ்சின். கடைசி ஓட்டத்தில் இருந்ததோ பிரிஸ்டல் ஆர்ஃபியஸ் எஞ்சினும் நாட் விமானத்து வால் துடுப்பும். ஒரே படகு, இரண்டு உருவம். இரண்டையும் கலந்து ஒரு காலத்திலும் இல்லாத படகை உருவாக்கிவிடக் கூடாது. எதைத் தேர்ந்தாலும், பழைய அடுக்குகளோடு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைத் தொடாமல் விடுங்கள்.

பசை விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எபாக்சி பலமானது, ஓட்டையை நிரப்பும், சும்மா பிடித்து வைத்தாலே ஒட்டும். ஆனால் அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடர்நிற மேல்தளம் வெயிலில் அதைத் தாண்டிவிடும். மூட்டுகளின் கோடுகள் பெயிண்ட்டின் மேல் அச்சடித்ததுபோல எழும். ரிசார்சினால் பசை அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் மூட்டு இறுக்கமாக அமைந்து, கிளாம்ப் அழுத்தமும் சரியான வெப்பமும் கிடைத்தால்தான் பிடிக்கும், ஊதாக் கோடும் தெரியும். எங்கள் முடிவு: சுமை தாங்கும் புதிய மூட்டுகளுக்கு ரிசார்சினால், பழைய மரத்தின் சொத்தை நிரப்ப எபாக்சி, பழைய பலகைகள் முழுவதையும் எபாக்சியில் குளிப்பாட்டுவது வேண்டவே வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை மக்கவைக்கும். பின்னால் வருபவர் பிரிக்கவும் முடியாது.

இப்போது எஞ்சின். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பெரிய படகுகளில் பெரும்பாலும் சண்டை விமானங்களிலிருந்து மிஞ்சிய அல்லிசன் வி-1710 அல்லது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின். முறையே ஏறத்தாழ 28, 27 லிட்டர். 12 சிலிண்டர், 24 ஸ்பார்க் பிளக். உதிரிபாகங்களுக்குப் பழைய விமானங்களை மீட்பவர்களோடு போட்டி போட வேண்டும். ஆகவே பாகத்தைக் கெடவிடாமல் காப்பதுதான் வாங்குவதை விட மலிவு.

நிறுத்திவைக்கும் எஞ்சினுக்கு: எண்ணெயும் குளிர்நீரும் முழுக்க வடிக்கவும். நீர் தங்கிவிட்டால் உறைபனியில் பிளாக் வெடிக்கும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருத்தடுப்பு எண்ணெயைப் புகைபோல அடிக்கவும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய கண்ணாடிப் பிளக் ஒன்று, மற்ற துளைகளுக்கு மூடி. எக்ஸாஸ்ட் வாய்களையும் காற்று வாயையும் காற்றுப்புகாமல் மூடவும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள்; எடுத்து வறுத்துத் திரும்பப் போடலாம். இதைப் பார்க்க மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் போதும். பார்வையாளர் மகிழ எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் காட்டும் வழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். காய்ந்த பேரிங்கும் காய்ந்த கேமும் உரசும். இருந்த எண்ணெய்ப் படலமும் வழித்துக்கொண்டு போய்விடும்.

நெடுநாள் நின்ற எஞ்சினை எழுப்ப நினைத்தால், வெளிப் பம்ப்பால் முதலில் எண்ணெயை ஏற்றுங்கள். கேம் ஷாஃப்ட் வரை எண்ணெய் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே, எல்லாப் பிளக்குகளும் கழன்ற நிலையில், கையால் இரண்டு முழுச் சுற்று. ஒரு பிளக் துளையிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு வேலை முடிந்தது, சிலிண்டருக்குள் குளிர்நீர் புகாமல் தடுக்கும் லைனர் சீல் போய்விட்டது. பிளக் மாட்டியபடி ஸ்டார்ட்டரை அழுத்தியிருந்தால் சுருக்க முடியாத அந்தத் தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்திருக்கும்.

மெத்தனாலில் ஓடும் எஞ்சின்கள் தனி ரகம். இத்தாலியர் அகில்லே காஸ்டோல்டியின் பந்தயப் படகு ஆர்னோ 11, ஃபெராரியின் 4.5 லிட்டர் வி12 எஞ்சினோடு 1953 அக்டோபரில் இசேயோ ஏரியில் மணிக்கு 241.7 கி.மீ. தொட்டது மெத்தனாலை எரித்துத்தான். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் வெள்ளை மாவாக அரிக்கும். ஓடிய அன்றே தொட்டியை வடித்து, எண்ணெய் கலந்த பெட்ரோலில் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிவிட வேண்டும். மெத்தனால் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது என்பதைத் தீயணைப்பானோடு நிற்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

அபாயங்களில் நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை சில. போர்க்கால மீட்டர்களின் ஒளிரும் எழுத்தில் ரேடியம் இருக்கலாம். கண்ணாடியைத் திறக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய பழைய துணியில் கல்நார், பழைய பெயிண்ட்டில் ஈயம். இந்த விமான எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு தண்டுக்குள் சோடியம் உண்டு. காட்சிக்காகக் குறுக்கே வெட்டினால் தண்ணீர் பட்டதும் தீப்பற்றும். மக்னீசியத் தூளில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணலோ உலோகத் தீக்கான தூளோ வேண்டும்.

ஓட்டலாமா, வேண்டாமா? எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் ஓட்டியே ஆகவேண்டும் என்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியர் கென் வார்பி தன் வீட்டுக் கொல்லையில் மரத்தால் கட்டி, 1978இல் புளோரிங் அணையில் மணிக்கு 511 கி.மீ. ஓட்டிய ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் அசையாமல் இருப்பதே சரி. இன்றும் முறியாத நீர்வேகச் சாதனையைச் செய்த ஒரே பொருள் அது. அதற்கு மாற்று இல்லை. மூல மரம் பெருமளவு இருக்கும் படகை நிறுத்திவையுங்கள். ஓட்ட வேண்டுமானால் அதன் உருவக்கோடுகளை அளந்து இரட்டை ஒன்று கட்டுங்கள். ஏற்கெனவே பாதிக்கு மேல் புதுப்பித்த படகை ஓட்டலாம்.

ஓட்டும் நாளில் முதல் வேலை நீரைத் துப்புரவு செய்வது. 1930இல் விண்டர்மியரில் மிஸ் இங்கிலாந்து 2 என்ற வேகப்படகு கவிழ்ந்து பிரிட்டிஷ் வேகச் சாதனையாளர் ஹென்றி சீக்ரேவ் இறந்தது, மிதந்த மரக்கட்டை மோதியதால் என்றே கருதுகிறார்கள். இரண்டு சிறு படகுகள் கோடு போட்டதுபோல இணையாகச் சென்று தடம் முழுவதையும் பார்த்து, குச்சி, புட்டி, மிதவைக் கயிறு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ப்ரொப்பெல்லரை முந்தின நாளே சாயம் ஊடுருவும் சோதனையில் (விரிசலுக்குள் சாயம் இறங்கி அதைக் காட்டிக்கொடுக்கும்) பாருங்கள். ப்ரொப்பெல்லர் இலையின் அடியில் மயிரிழைக் கோடு சிவப்பாகத் தெரிந்தால் அதைச் சுவரில் மாட்டிவிட்டு வேறொன்றை எடுங்கள். இரண்டு படகுகளை அருகருகே விடாதீர்கள். கூட்டம் கேட்கும், ஓட்டுநரும் கேட்பார், விடாதீர்கள். அந்தக் காலத்துத் திறந்த இருக்கைகள் எந்த விபத்தையும் மனதில் வைத்துச் செய்தவையல்ல.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், எங்களுக்குப் பெரியது. ஈரம் உறிஞ்சும் எந்திரத்தின் தொட்டி மழைக்காலத்தில் ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் எந்திரம் தானாக நின்றுவிடும். நீண்ட விடுமுறைக்கு அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். திறக்கும் காலை உள்ளே போனால் ஈரமானி 75 காட்டும், கண்ணாடிப் பிளக்குகளில் மணிகள் இளஞ்சிவப்பாக நிற்கும். வடிகுழாயை நேராகச் சாக்கடைக்கு இழுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, முறைவைத்து வந்து பார்க்க எங்களில் ஆட்கள் தயார். பெயர்ப் பட்டியல் தருகிறோம், பதிவேட்டில் வந்த நேரமும் போன நேரமும் எழுதிக் கையெழுத்திடுகிறோம். கொட்டகைச் சாவியில் ஒன்றை எங்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பந்தயப் படகுகளின் தன்னார்வலர்கள்